எழுபது காயம், ஒரு காபி, ஒரு நாய்

டோலிசவுக்கியில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் கோல்கொண்டா கோட்டை தெரியும். முழுசாக இல்லை. இரண்டு தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு செல்போன் கோபுரத்துக்கும் நடுவே சந்து கிடைத்த அளவுக்குத் தெரியும். ஔரங்கசீப் எட்டு மாதம் தலைகீழாக நின்றும் உள்ளே நுழைய முடியாத கோட்டையை, லுங்கியும் டீ கிளாஸுமாக நின்று பார்க்கிற சௌகரியம் எனக்கு.

அந்த மாடியில்தான் ஒரு சனிக்கிழமை ராத்திரி அக்கா மகனும் அவனுடைய கல்லூரிக் கூட்டாளிகள் இரண்டு பேரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எவர்சில்வர் தாம்பாளம். அதில் உருண்டது தாயக்கட்டை இல்லை. இருபது முகம் கொண்ட, நெல்லிக்காய் அளவு பிளாஸ்டிக் பகடை. தாம்பாளம் எதற்கு என்றால், போன வாரம் ஒரு பகடை மழைநீர்க் குழாயில் இறங்கி, நேராக மூசி நதியைப் பார்க்கப் போய்விட்டதாம்.

"மாமா, எங்க டன்ஜன் மாஸ்டர் வரலை. நீங்க இருக்கீங்களா?"

டன்ஜன் மாஸ்டர் என்றால் கதையை நடத்துகிறவர். தமிழில் நடத்துனர் என்று சொல்லிப் பார்த்தேன். உடனே தோளில் தோல்பை தொங்குகிற மாதிரியும் வாயில் விசில் இருக்கிற மாதிரியும் ஆகிவிட்டது. வேலையும் ஏறக்குறைய அதுதான். யார் ஏறலாம், யார் இறங்க வேண்டும், யாருக்குச் சில்லறை பாக்கி, எல்லாம் அவர் வைத்ததே சட்டம்.

விளையாட்டு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒன்றைக் கிளப்பிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். பாத்திரத்துக்கு ஒரு தாள். தாளில் பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு, வசீகரம் எவ்வளவு என்று மார்க். "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். நம் ஊர் ஜாதகத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே கட்டத்தை நாமே பென்சிலால் போட்டுக்கொள்ளலாம்.

அக்கா மகனின் தாளை எட்டிப் பார்த்தேன். 'சர் லான்ஸ்லாட். பாலடின்.'

பாலடின் என்பது தர்மவான் வகை வீரன். சார்லமேன் சக்கரவர்த்தியின் பன்னிரண்டு தளபதிகளுக்கு வழங்கிய பேர். 1975-இல் விளையாட்டின் முதல் பின்னிணைப்புப் புத்தகத்திலேயே இந்த வகை வந்துவிட்டது. சேர ஒரு நிபந்தனை உண்டு: வசீகரம் குறைந்தது 17 இருக்க வேண்டும். மொத்தமே 18-க்குத்தான் மார்க். அதாவது, யோக்கியனாக இருக்க வேண்டுமென்றால் முதலில் ஜெமினி கணேசன் மாதிரி இருக்க வேண்டும். நம்மைப் போன்ற 9 மார்க் ஆசாமிகள் யோக்கியமாக இருந்தாலும் கணக்கில் வராது.

"லான்ஸ்லாட்டாடா தர்மவான்? ராஜா சோத்தைத் தின்னுட்டு ராணிகிட்டயே பல்லைக் காட்டின ஆளு. வட்டமேஜையே அவனால கவுந்துச்சு."

"வேற யாரு மாமா இருக்கா? ஆர்தர் ஆளுங்களுக்குத்தான் 1980-லயே மார்க் போட்டுப் புத்தகம் வந்திருக்கு."

உண்மைதான். அந்தப் புத்தகத்தில் ஆர்தர் ராஜாவுக்கு மட்டுமில்லை, நம்ம இந்திரனுக்கும் மார்க் போட்டு வைத்திருக்கிறார்கள். எத்தனை அடி வாங்கினால் இந்திரன் சாவான் என்று கணக்குப் பண்ணிய ஊர் அது.

நான் டீ கிளாஸால் தண்ணீர்த் தொட்டிச் சந்துப் பக்கம் காட்டினேன். "எதிர்ல கோட்டையை வெச்சுக்கிட்டு இங்கிலாந்துல ஆள் தேடுறியே."

"அங்க ஏது மாமா நைட்டு? லைட் ஷோதான் இருக்கு. அமிதாப் பச்சன் பேசுவாரு."

சரி, பையை மாட்டிக்கொண்டேன். விசில் ஊதியாயிற்று. வருஷம் 1687.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த லெவல், மார்க், தாள் எல்லாம் விஸ்கான்சினில் கண்டுபிடித்தது என்று நினைத்தால் அது தப்பு. அக்பர் காலத்திலேயே மொகலாயர்கள் தங்கள் சர்தார்களுக்கு மன்சப் என்று நம்பர் போட்டாகிவிட்டது. ஒரு நம்பர் இல்லை, இரண்டு: ஜாத் என்று ஒன்று, ஆளின் அந்தஸ்து, சவார் என்று இன்னொன்று, அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைப்படை. அந்த இரண்டு எண்ணையும் சொன்னால் மனிதனை நிறுத்துப் போட்டாகிவிட்டது. பிற்பாடு ஹைதராபாத் நிஜாம்கள் இதை இன்னும் ருசியாக்கினார்கள். கான், கான் பகதூர், ஜங், தௌலா, முல்க், உமரா, ஜா என்று படி வைத்தார்கள். ஜங் ஆனவர் தௌலாவுக்கு ஏங்குவார், தௌலா ஆனவர் ஜாவைக் கனவு காண்பார். ஊருக்கே லெவல் வைத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆட்டம் நடந்தது. சாலார் ஜங் மியூசியத்தில் நாம் கடிகாரம் பார்க்க வாய் பிளந்து நிற்கிறோமே, அந்த ஜங் ஒரு லெவல்.

"அப்போ எதிராளி யாரு அங்கிள்?" என்றான் ஹைதராபாத் பையன். சார்மினார் பக்கத்துப் பையன். வாயில் பாதி தக்கினி, பாதி இங்கிலீஷ், எங்கள் அக்கா புண்ணியத்தில் கால்வாசித் தமிழ்.

எதிராளி ஔரங்கசீப். வயது 68. அந்த வயதில் நம் அப்பாக்கள் பென்ஷன் ஆபீசில் 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இவர் டெல்லியை விட்டுவிட்டு தக்காணத்தில் கூடாரம் போட்டு, 1686-இல் பீஜப்பூரை முடித்து, சூட்டோடு சூடாக இங்கே வந்து நின்றார். விளையாட்டில் எல்லாக் கும்பலிலும் ஒருவன் உண்டு: விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்க எண்ணோடு சண்டை போடுகிறவன். பாதுஷா அந்த ரகம். எல்லாம் நியமப்படி. கோட்டை அகழியைத் தூர்க்க மண் மூட்டை வேண்டும் என்றபோது, ஒளூ செய்து சுத்தமாகி, முதல் பையைத் தன் கையாலேயே தைத்தார். ஹிந்துஸ்தானத்தின் சக்கரவர்த்தி ஊசியும் நூலுமாக உட்கார்ந்து பை தைக்கிற காட்சியை எந்த ஆர்தர் கதையில் தேடினாலும் கிடைக்காது.

உள்ளே இருந்தவர் அபுல் ஹசன் குதுப் ஷா. ஊர் வைத்த பேர் தானாஷா. இந்தியில் சர்வாதிகாரத்துக்குத் 'தானாஷாஹி' என்கிறார்கள். இவர் பேரிலிருந்து வந்ததுதான் என்று இங்கே ஆட்டோக்காரர் வரை சொல்வார்கள். பாவம், அந்த மனிதர் ஒரு சூஃபி மடத்தில் வருஷக்கணக்காகக் கிடந்து, எதிர்பாராமல் சுல்தானின் மாப்பிள்ளையாகி, 1672-இல் சிம்மாசனத்தில் ஏறியவர். பாட்டு, கவிதை, நல்ல சாப்பாடு. மந்திரி மாதண்ணா பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருந்தார். பத்ராசலத்தில் வரிப்பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த ராமதாசைச் சிறையில் போட்டவரும் இவர்தான். ராமரும் லட்சுமணரும் ராத்திரியில் வந்து ஆறு லட்சம் மொஹர் கட்டி ரசீது வாங்கிப் போனார்கள் என்பது கதை. வசூல் பாக்கிக்குக் கடவுளே நேரில் வந்த ஒரே ரெவின்யூ டிபார்ட்மென்ட். நம் சென்னப்பட்டினமும் அப்போது இவர் கணக்கில்தான். கும்பினிக்காரன் வருஷத்துக்கு 1,200 வராகன் வாடகை கட்டினான். இன்று அந்தப் பணத்துக்கு மயிலாப்பூரில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்குமா தெரியாது.

"இவர் எனக்கு!" என்று தானாஷாவைத் தட்டிக்கொண்டு போனான் ஹைதராபாத் பையன். பலம் 8, வசீகரம் 18, சாப்பாட்டு ரசனை என்று தானாக ஒரு கட்டம் போட்டு அதில் 20.

மூன்றாவது ஆள் வாரங்கல் பக்கத்துப் பெண். அவள் சண்டைக்காரி. "எனக்கு அடிக்கிற ஆள் வேணும் அங்கிள், எந்தக் கட்சியா இருந்தாலும் ஓகே." மொகலாயர் பக்கத்திலிருந்து கிலிச் கானைக் கொடுத்தேன். சமர்கண்ட் பக்கத்து வம்சம், கிழ வேங்கை.

முற்றுகை தொடங்கியது ஜனவரி முடிகிற சமயம். கிலிச் கான் வந்த வேகத்தில் கோட்டைச் சுவர் வரைக்கும் பாய்ந்தார். மேலிருந்து ஜம்பூரக் என்ற சின்னப் பீரங்கியின் குண்டு ஒன்று வந்து, கையைத் தோளோடு கொண்டுபோய்விட்டது. நான் பகடையைக்கூட உருட்டவில்லை. வரலாறு உருட்டியாயிற்று.

"செத்துட்டேனா?"

"இல்லம்மா. காபி குடிக்கிற."

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தி, பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேன். ஏனென்றால் இது நான் அளக்கிற கதை இல்லை. பாதுஷாவின் வரலாற்றையே எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. வஜீர் அசத் கான் நலம் விசாரிக்கக் கூடாரத்துக்குப் போனார். வைத்தியர்கள் தோளிலிருந்து எலும்புச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். மயக்க மருந்து கிடையாது. கிலிச் கான் சாய்ந்து உட்கார்ந்து, வந்தவர்களோடு பேசிக்கொண்டே, மிச்சமிருந்த கையால் காபி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல தையல்காரர் கிடைத்திருக்கிறார் என்று வைத்தியரைப் பாராட்டவும் செய்தார்.

எனக்குப் பல் பிடுங்கினால் மூன்று நாள் லீவு. ஒரு கும்பகோணத்துக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம்தான்: அவ்வளவு ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதும் ஒரு மனிதன் விடாமல் குடிக்கிறான் என்றால், அந்த டிகாக்ஷனை யார் போட்டது?

மூன்றாம் நாள் கிலிச் கான் காலமானார். வாரங்கல் பெண் தன் தாளை மடித்துக் காது குடைந்தாள். "உயிர்ப் புள்ளி எல்லாம் போச்சு. வேற பாத்திரம் கொடுங்க."

இந்த உயிர்ப் புள்ளிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஒரு அடியில் ஆள் செத்துப்போகிறான் என்று விளையாடுகிறவர்கள் அழுததால், ஆர்னசன் அதைப் பழைய கப்பல் சண்டை விளையாட்டிலிருந்து கடன் வாங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரும்புக் கவசக் கப்பல்கள் மோதிக்கொண்டனவே, அந்தச் சண்டைக்கான விதி. கப்பல் எத்தனை குண்டு தாங்கினால் மூழ்கும் என்கிற கணக்கை மனிதன் முதுகில் ஏற்றிவிட்டார். ஆகவே பகடை விளையாட்டில் ஒவ்வொரு வீரனும் உள்ளூர ஒரு கப்பல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கப்பல் வருகிறது.

வாரங்கல் பெண்ணுக்கு நாயைக் கொடுத்தேன்.

"நாயா?"

"கட்சி மாறணும். பரவாயில்லியா?"

"அந்தச் சண்டைல யாரு அங்கிள் மாறலை?"

பேச்சுக்குச் சொன்னாலும் அது சரியான வரலாற்றுப் பார்வை. கோல்கொண்டா சர்தார்கள் மாதத்துக்கு ஒருவராகச் சுவரேறி மொகலாயர் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். பாதுஷாவின் சொந்த மகன் ஷா ஆலமே தானாஷாவோடு ரகசியக் கடிதம் எழுதி மாட்டி, குடும்பத்தோடு காவலில் போனான்.

மே மாதத்தில் ஒரு ராத்திரி. செத்துப்போன கிலிச் கானின் மகன் பிரோஸ் ஜங், கயிற்றேணி போட்டு ஆட்களைச் சத்தமில்லாமல் சுவரில் ஏற்றினார். இரண்டு மூன்று பேர் மேலே கால் வைத்தாகிவிட்டது. கீழே ஒரு அவசரக் குடுக்கை இதைப் பார்த்துவிட்டு, குதிரையைத் தட்டிக்கொண்டு போய் பாதுஷாவிடம் 'கோட்டை விழுந்தது' என்று சொல்லிவிட்டான். தொழுகை விரிப்பில் இருந்த பாதுஷாவும் வெற்றி முரசு அடிக்கச் சொல்லிவிட்டார். அடித்தார்கள்.

சுவர் மேல் ஒரு தெருநாய் எதையோ மோப்பம் பிடித்துத் திரிந்துகொண்டிருந்தது. இருட்டில் புது முகங்கள்.

"குரைக்கிறேன்," என்றாள் வாரங்கல் பெண்.

உருட்டினாள். 19.

உள்ளே காவல்காரர்கள் தீவட்டியோடு ஓடி வந்தார்கள், ஏணிக் கயிற்றை அறுத்தார்கள், ஏறியவர்கள் வெட்டப்பட்டார்கள். வெளியே முரசு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதை எப்போது நிறுத்தினார்கள், எப்படி முகத்தை வைத்துக்கொண்டு நிறுத்தினார்கள் என்பதைக் கற்பனை செய்ய எனக்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். தானாஷா அந்த நாய்க்குத் தங்கச் சங்கிலி போட்டுத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். பட்டமும் கொடுத்தார். ஜங்குகளும் கான்களும் பிறவி முழுக்கத் தவம் கிடந்து ஏறுகிற லெவலை, நாலு குரைப்பில்.

நான் ஏதோ புதிதாகக் கிண்டல் செய்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். பாதுஷாவின் கூடாரத்திலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு, நிமத் கான் ஆலி என்கிற கவிஞர் இந்த முற்றுகையைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு நூலே எழுதியிருக்கிறார். அவருக்குக் கச்சாப்பொருள் தட்டுப்பாடே இருந்ததில்லை. ஜூனில் மொகலாயர்கள் சுவருக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து நிரப்பினார்கள். உள்ளே இருந்தவர்கள் எதிர்ப்பக்கமாகத் தோண்டி வந்து, தங்கள் பக்கத்து மருந்தைச் சத்தமில்லாமல் அள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். மொகலாயர்கள் திரியைக் கொளுத்தினார்கள். சுரங்கம் வெடித்தது, வெளிப்பக்கமாக. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொகலாயர்கள் தங்கள் மருந்துக்கே இரையானார்கள். பாடம் படித்தார்களா? மறுபடி இன்னொரு சுரங்கம். மறுபடி அதே பக்கம். மூன்றாவது நனைந்துபோய் வெடிக்கவே இல்லை. நடுவில் மழை, வெள்ளம், பஞ்சம், நோய். சுற்றி நின்றவர்களுக்குச் சோறில்லை, உள்ளே தானியம் குவிந்து கிடக்கிறது. தானாஷா ஒரு கட்டத்தில் வெளியே நிற்கிறவர்களுக்கு நானே தானியம் அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பினார். முற்றுகை போட்டவனுக்குப் பார்சல்! "என் பாத்திரம் ரொம்ப நல்லவன் அங்கிள்," என்று ஹைதராபாத் பையன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான்.

ராத்திரி இரண்டு மணி. உஸ்மானியா பிஸ்கட் தீர்ந்தது. அக்கா மகன் இதுவரை பெரிதாக எதுவும் செய்யவில்லை. அவனுடைய ஆள் இனிமேல்தான் வருகிறார்.

அப்துர் ரசாக் லாரி. லாரி என்றால் பாரசீகத்தில் லார் என்ற ஊர்க்காரர் என்று அர்த்தம். நம்ம ஊர் தண்ணீர் லாரி இல்லை, ஆனால் மோதினால் விளைவு ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் விலை பேசிக்கொண்டிருந்தபோது, பாதுஷா இவருக்கும் பெரிய மன்சப் தருவதாக ஃபர்மான் அனுப்பினார். அதை இவர் வீட்டுக்குள் வைத்துக் கிழித்திருக்கலாம். கொத்தளத்தின் மேல் ஏறி, எல்லோரும் பார்க்க, சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் காற்றில் விட்டார்.

"இவரோட தாள்ல என்ன மாமா எழுதுறது? பலம் எத்தனை?"

அங்கேதான் எனக்கு அந்த விளையாட்டோடு சண்டை. பலம், வேகம், வசீகரம் எதைப் போட்டாலும் லாரி அந்தத் தாளில் உட்காரவில்லை. பலசாலிகள் கோல்கொண்டாவில் நிறைய இருந்தார்கள். எல்லாரும் சுவரேறிப் போனார்கள். 1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் என்பவர் ஆர்தர் கதைக்கென்றே 'பென்ட்ராகன்' என்று தனி விளையாட்டு போட்டார். அந்த மனிதருக்கு மனுஷனைத் தெரிந்திருந்தது. அதில் குணத்துக்கு மார்க். கருணைக்கு 12 போட்டால் கொடுமைக்கு 8 தானாக விழும், இரண்டும் சேர்ந்து 20. அது தவிர எஜமான விசுவாசம், காதல், பகை என்று உணர்ச்சிக்கும் தனி எண். சமயத்தில் நீ ஓடலாம் என்று நினைத்தாலும், உன் விசுவாசம் ஓட விடாது. பகடை உன்னை இழுத்துக்கொண்டு போய்ச் சண்டையில் நிறுத்தும். தமிழில் இதற்குத் தனியாக விதிப் புத்தகம் தேவைப்பட்டதில்லை. உப்பு என்று ஒரு வார்த்தை போதும்.

அக்கா மகன் பென்சிலால் புதுக் கட்டம் ஒன்று கிழித்து, 'உப்பு: 20' என்று எழுதினான்.

"இப்போ வருஷம் 1687, செப்டம்பர் 21, விடியற்காலை மூணு மணி," என்றேன். "அப்துல்லா கான் பனி வர்றான்."

பனி பீஜப்பூரில் வேலை பார்த்து, மொகலாயரிடம் போய், அங்கிருந்து தானாஷாவிடம் வந்து, நம்பிக்கையான தளபதி ஆனவன். இன்றைய ஹைடெக் சிட்டியில் இருந்திருந்தால் லிங்க்ட்இன்-ல் பிய்த்து உதறியிருப்பான். கோட்டைக்கு 8 வாசல், 87 கொத்தளம். சுரங்கத்தால் முடியவில்லை, பீரங்கியால் முடியவில்லை. பனி ஒரு திட்டிவாசலின் தாழ்ப்பாளை நீக்கினான். அவ்வளவுதான். மொகலாயத் தளபதி ருஹுல்லா கானின் ஆட்கள் உள்ளே நுழைந்து பெரிய கதவைத் திறந்தார்கள்.

"நில்லுங்க, நில்லுங்க," என்றாள் வாரங்கல் பெண். "நான் குரைப்பேன்."

"நீ அங்க இல்லம்மா. உனக்குப் ப்ரமோஷன் ஆயிடுச்சு. தங்கச் சங்கிலியோட மேல ராஜா பக்கத்துல மெத்தைல தூங்குற."

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கோட்டையின் ஒரே ஒழுங்கான காவல்காரனைப் பட்டம் கொடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். களத்தில் நன்றாக வேலை செய்கிறவனை மேனேஜர் ஆக்கினால் என்ன ஆகும் என்று கச்சிபௌலியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவள் விடவில்லை. "கைடு கீழ வாசல்ல கை தட்டினா மேல பாலா ஹிஸார் உச்சில கேக்குதுல்ல? தாழ்ப்பாள் சத்தம் நாய்க்குக் கேக்காதா?"

"அது உள்வாசல். இது வெளிச்சுவர்," என்றான் அக்கா மகன்.

"மனுஷன் காதுக்குச் சொல்றே. நான் நாய்."

வாதத்தில் நியாயம் இருந்தது. 20 விழுந்தால் குரைக்கலாம் என்றேன். தாம்பாளத்தில் பகடை ரொம்ப நேரம் சுற்றியது. 3.

ஹைதராபாத் பையன் மெதுவாக, "ஹௌலே குத்தா," என்றான். தக்கினியில் மக்கு நாய். அவள் அவன் தொடையில் கிள்ளினாள்.

அப்புறம் லாரி, நான் சொன்ன அந்தக் கப்பல். சேணம் பூட்ட நேரமில்லை. வெறும் குதிரையில் ஏறி, ஒரு கையில் வாள், ஒரு கையில் கேடயம், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். உள்ளே வெள்ளமாக வருகிற படையை எதிர்த்து நேராகப் போனார். அக்கா மகன் ஒவ்வொரு முறை உருட்டும்போதும் நான் ஒரு காயம் சொன்னேன். அவன் உயிர்ப் புள்ளிக் கட்டத்தில் அழித்து எழுதினான், அழித்து எழுதினான். முகத்தில் மட்டும் பன்னிரண்டு. நெற்றித் தோல் கிழிந்து கண்ணை மறைத்துத் தொங்கியது. ஒரு கட்டத்தில் தாளில் அந்த இடம் ஓட்டையாகி, அழி ரப்பர் பாயைத் தொட்டது.

"இப்போ எத்தனை மாமா?"

"எழுபது."

"விதிப்படி இவரு முப்பதாவது காயத்துலயே செத்தாச்சு."

"சாகலை. குதிரை அவரைத் தூக்கிட்டுப் போய் நகினா பாக்-ல ஒரு பழைய தென்னைமரத்தடியில போட்டுது."

நகினா தோட்டம் இன்றும் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மறுநாள் யாரோ அடையாளம் கண்டு தூக்கிப் போனார்கள். விஷயம் பாதுஷா காதுக்குப் போயிற்று. விதிப் புத்தகத்தை மடியில் வைத்திருக்கிற மனிதர் என்றேன் அல்லவா. அவரும் ஒரு தடவை புத்தகத்தை மூடினார். ஒரு ஐரோப்பிய வைத்தியர், ஒரு ஹிந்து வைத்தியர் என்று இரண்டு பேரை அனுப்பித் தினமும் நிலவரம் கேட்டார். அபுல் ஹசனிடம் இவனைப் போல இன்னும் ஒருவன் இருந்திருந்தால் கோட்டை விழ இன்னும் வெகுகாலம் ஆகியிருக்கும் என்றார். வைத்தியர்கள் எண்ணிப் பார்த்ததில் கிட்டத்தட்ட எழுபது காயம். காயத்தின் மேல் பட்ட காயம் கணக்கில் சேராது. பதினாறாம் நாள் லாரி ஒரு கண்ணைத் திறந்தார். பாதுஷா வேலை தருகிறேன் என்று சொல்லி அனுப்ப, அபுல் ஹசனின் உப்பைத் தின்றவன் பாதுஷா ஆலம்கீருக்கு வேலை செய்ய முடியாது என்று படுக்கையிலிருந்தே பதில். ரொம்ப நாள் கழித்து, ரொம்ப வற்புறுத்தலுக்குப் பின், மன்சப் வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா மகன் அதைக் கேட்டுக் கொஞ்சம் வாடினான். எழுபது காயத்துக்கு அப்புறம் ஒருத்தன் மாதச் சம்பளத்துக்குப் போனால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் இரண்டு காயத்துக்கே மூன்று கம்பெனி மாறியவன்.

"யாருக்கு அங்கிள் அனுபவப் புள்ளி? யாரு ஜெயிச்சா?"

கேள்வி சுலபமாக இருந்தது, பதில்தான் வேடிக்கை. கிலிச் கானுக்குக் கை போயிற்று. அவர் மகன் பிரோஸ் ஜங் நாயிடம் தோற்றார். பேரனுக்கு அப்போது வயது 16. அவன்தான் பின்னால் சின் கிலிச் கான் ஆகி, நிஜாம்-உல்-முல்க் ஆகி, ஆசஃப் ஜா என்று கடைசி லெவல் வரை ஏறி, 1724-இல் மொத்த தக்காணத்தையும் மடியில் கட்டிக்கொண்டவன். 1948 வரை அந்த வம்சம் இறங்கவில்லை. தாத்தா குடித்த காபிக்கு ஊரே பில் கட்டியது.

கிழக்கே வெளுத்தது. தண்ணீர்த் தொட்டிச் சந்தில் கோட்டை சாம்பல் நிறத்தில் எழுந்தது. ஹைதராபாத் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான், அவனுடைய முறை. தானாஷாவுக்கு இருந்தது ஒரே ஒரு காட்சி. அரண்மனையில் அழுகுரல். அவர் பெண்களைத் தேற்றிவிட்டு, திண்டில் வந்து சாய்ந்து, வரப்போகிறவர்களுக்காகக் காத்திருந்தார். சாப்பாட்டு வேளை வந்தது. கொண்டுவரச் சொன்னார். வாளோடு உள்ளே வந்தவர்களுக்கு சலாம் சொல்லி, உட்காருங்கள், சாப்பிடலாம் என்றார். இந்த நேரத்தில் எப்படி ஐயா தொண்டையில் இறங்குகிறது என்று அவர்கள் திகைத்தார்கள். வழக்கமான நேரம் இதுதான் என்றார்.

மாடிக் கதவு திறந்தது. அக்கா, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு.

"டேய், ராத்திரி பூரா தூங்கலியா? நீயும் சேர்ந்து கெடுக்கிறியா பசங்களை? இட்லி வெச்சாச்சு, கீழ வாங்க."

ஹைதராபாத் பையன் எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சாவகாசமாகச் சொன்னான்: "ஆண்ட்டி, வந்தவங்களுக்கும் தட்டு வைங்க."

"யாருடா வந்திருக்கா, இந்நேரத்துக்கு?"

"ருஹுல்லா கான். முக்தார் கான்."

அக்கா மாடியை ஒரு சுற்றுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மாவு கொஞ்சம்தான் இருக்கு. ரெண்டு பேருன்னா சமாளிச்சுடலாம். அந்தப் பெரியவரும் வர்றாருன்னா ராத்திரியே சொல்லியிருக்கணும்."